பூட்டில்லாத கத்தி: விக்டோரினாக்ஸ் கிளைம்பருடன் லண்டனில் இரண்டு ஆண்டுகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வடமேற்கு லண்டனில் ஒரு கடையில் மடக்குக் கத்தி வாங்க நின்றபோது, நான் முதலில் கேட்டது கூர்மையைப் பற்றியோ விலையைப் பற்றியோ அல்ல. விரித்த பிறகு அலகு பூட்டிக்கொள்ளுமா என்றுதான் கேட்டேன். பூட்டாது என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் லேசாகச் சிரித்தார். இந்த நாட்டில் அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி வாங்கிய கத்தி, சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை பதித்த, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கிளைம்பர். அன்றிலிருந்து, சில இடங்களுக்குப் போகும் நாட்களைத் தவிர, அது என் கால்சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. கத்தியின் தரத்தைப் பற்றி எழுதுகிற எவரும் இங்கிலாந்தில் அதைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாமா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், வீட்டு இழுப்பறையிலேயே கிடக்க வேண்டிய கத்தி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் பையில் வைத்துக்கொள்வதற்கென்று வாங்குகிறவருக்கு அதனால் பயனில்லை.

மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 80 கிராம் எடையும் கொண்டது கிளைம்பர். பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று, கத்தரிக்கோல், டின் திறப்பான், பாட்டில் திறப்பான், அவற்றின் முனைகளிலேயே அமைந்த திருப்புளிகள், பின்புறத்தில் துளையிடும் ஊசி, ஒரு கொக்கி, தக்கை உருவும் திருகு, பிடிக்குள் செருகிய சாமணம், பல்குத்தி ஆகியவை இதில் உள்ளன. இவற்றில் நான் மிகுதியாகப் பயன்படுத்துவது கத்தரிக்கோலைத்தான் என்று சொன்னால் கத்திப் பிரியர்கள் முகம் சுளிக்கக்கூடும். சட்டையில் தொங்கும் நூல், மாத்திரை அட்டை, காயத்துக்கு ஒட்டும் பட்டை என்று அதற்கு வேலை ஓயவே ஓயாது. அடுத்த இடம் சாமணத்துக்கு. ஆகஸ்டு மாதத்தில் வேலியோரம் பிளாக்பெர்ரி பறிக்கப் போனவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தக்கைத் திருகு மட்டும், மது அருந்தாத எனக்கு, இறுகிப்போன முடிச்சுகளை அவிழ்க்கத்தான் உதவுகிறது. அதற்குள் திருகி வைத்துக்கொள்ளும்படி மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கான ஒரு குட்டித் திருப்புளியை அந்த நிறுவனமே தனியாக விற்கிறது. அதை வாங்கிச் செருகிய பிறகு திருகின் மேல் எனக்கிருந்த மனக்குறை நீங்கியது.

இனி, இந்தக் கத்தியை நான் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதை நிர்ணயிப்பது 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு. கூர்முனையோ அலகோ உடைய எந்தப் பொருளையும் தக்க காரணமோ சட்ட அனுமதியோ இல்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என்று அது தொடங்கி, உடனே ஒரே ஒரு வகைப் பொருளை விலக்குகிறது: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குப் பேனாக்கத்தி. 3 அங்குலம் என்பது 7.62 சென்டிமீட்டர். கிளைம்பரின் பெரிய அலகில் வெட்டும் விளிம்பை என் அளவுகோலால் அளந்தபோது அது 6 சென்டிமீட்டர் அளவில்தான் இருந்தது. ஆகவே, அதை ஏன் வைத்திருக்கிறாய் என்ற கேள்விக்குக் காரணம் காட்ட வேண்டிய கடமை எனக்கு இல்லை. அந்த வரம்பைத் தாண்டிய எந்தக் கத்தியாக இருந்தாலும், காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கத்தியை வைத்திருந்தவர் தலையில்தான் விழுகிறது. மெய்ப்பிக்க இயலாவிட்டால் 4 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

சட்டத்தில் 'மடக்கு' என்று எழுதியிருக்கிறதே, பூட்டும் கத்தியும் மடங்கத்தானே செய்கிறது என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தக் கேள்வி 1990-களிலேயே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மடக்குக் கத்தி என்றால் எந்த நேரத்திலும் வெறுமனே மடக்குவதாலேயே மடங்க வேண்டும்; ஒரு பொத்தானை அழுத்தியோ தகட்டை நகர்த்தியோ விடுவித்த பிறகுதான் மடங்கும் என்றால், அது விரிந்து நிற்கும் வேளையில் நிலையான அலகுடைய கத்திக்குச் சமம் என்று 1993-இல் தீர்ப்பானது; 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விளக்கத்தையே ஏற்றுக்கொண்டது. எனவே, பூட்டு உள்ள கத்தியின் அலகு 2 அங்குலமே இருந்தாலும் விலக்கு கிடையாது. இதே நிறுவனம் தயாரிக்கும் 111 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய கத்திகள் பலவற்றில் பூட்டு இருக்கிறது. படத்தில் பார்க்கும்போது கிளைம்பரின் அண்ணன்போலத் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் அவை வேறு சாதி. இணையத்தில் வாங்குகிறவர்கள் சிவப்பு நிறத்தையும் சிலுவையையும் பார்த்து ஏமாறாமல், விவரக் குறிப்பில் பூட்டு என்ற சொல் வருகிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பூட்டில்லாமை ஒரு குறையா என்று கேட்டால், முதல் மாதத்தில் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன். தடித்த அட்டைப்பெட்டி ஒன்றில் துளை போடுவதற்காக அலகின் முனையை நேராக அழுத்தினேன். முதுகிலிருக்கும் வில்தகடு விட்டுக்கொடுக்க, அலகு மடங்கி ஆட்காட்டி விரலைப் பதம் பார்த்தது. முழுத் தவறும் என்னுடையது. துளை போடுவதற்கென்றே ஓர் ஊசி அதே கத்தியின் பின்புறத்தில் இருக்கும்போது நான் அலகால் குத்தியிருக்கக் கூடாது. அன்று விரலைச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சட்டத்துக்கும் இந்த அமைப்புக்கும் உள்ள உறவு புரிந்தது. பூட்டில்லாத அலகு தன்பக்கம் இழுத்து நறுக்குகிறவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கும். குத்துகிறவரின் கையைத்தான் அது முதலில் வெட்டும். ஆப்பிளை நறுக்குவதற்கும் பொட்டலத்தைப் பிரிப்பதற்கும் பூட்டு தேவையே இல்லை. சட்டம் இயற்றியவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் எழுதினார்களா என்பது வேறு விஷயம். பயன்படுத்துகிறவனுக்கு இந்தக் கத்தி தானாகவே கற்றுக்கொடுக்கிற பாடம் இது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்னிடம் உள்ள இன்னொரு கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-இல் தொடங்கிய ஒப்பினெல் நிறுவனத்தின் 8-ஆம் எண் கத்தி அது. பீச் மரப்பிடி கையில் உட்காரும் விதத்துக்கும், மெல்லிய அலகு தக்காளித் தோலில் இறங்கும் விதத்துக்கும் கிளைம்பர் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால், அதன் அலகு 8.5 சென்டிமீட்டர், போதாக்குறைக்கு, 1955 முதல் அதன் கழுத்தில் திருகிப் பூட்டும் உலோக வளையம் ஒன்றும் இருக்கிறது. நீளம், பூட்டு இரண்டிலும் தோற்பதால், சுற்றுலா உணவுக்கூடையோடு பூங்காவுக்குப் போகிற நாளில் மட்டும், ரொட்டியோடும் பாலாடைக்கட்டியோடும் துணியில் சுற்றி அதை எடுத்துப் போகிறேன். திரும்பியதும் சமையலறையில் வைத்துவிடுகிறேன். பழம் நறுக்கும் கத்தியாக எது சிறந்தது என்று கேட்டால் ஒப்பினெல் என்பேன். எதைப் பற்றி நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று கேட்டால் கிளைம்பர்தான்.

விளக்கம் சொல்ல வேண்டிய நிலை ஒருமுறை வந்தே விட்டது. சென்ற ஆண்டு ஒரு மாலை, ரயில் நிலைய வாசலில் உலோகம் கண்டறியும் வளைவை நிறுத்தி, வருகிறவர்களையெல்லாம் அதன் வழியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வளைவு கூவியது. பையில் பேனாக்கத்தி இருக்கிறது, இடது பக்கம் என்று கையை வெளியே வைத்தபடி சொன்னேன். காவலர் அதை எடுத்து, பெரிய அலகை நகத்தால் விரித்து, முதுகை உள்ளங்கையில் லேசாகத் தட்டினார். அலகு தயங்காமல் மடங்கியது. அளவுகோல் எதையும் அவர் எடுக்கவில்லை. எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் ஐயா என்று வழக்கமான மரியாதையோடு கேட்டார். பழம் நறுக்க என்றேன். கத்தி என் கைக்குத் திரும்பி வந்தது. அதே கேள்விக்கு 'தற்காப்புக்காக' என்று யாராவது பதில் சொன்னால் கதை முற்றிலும் மாறிவிடும். பிறருக்குக் காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு வைத்திருக்கும் எந்தப் பொருளும், அது 2 அங்குலப் பேனாக்கத்தியே ஆனாலும், 1953-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டப்படி ஆயுதமாகிவிடும். விலக்கு கத்தியின் வடிவத்துக்குத்தானே ஒழிய வைத்திருப்பவரின் எண்ணத்துக்கு அல்ல.

3 அங்குலத்தைத் தாண்டிய கத்திகளுக்குரிய 'தக்க காரணம்' எது என்பதில்தான் நம் மக்களிடையே குழப்பம் அதிகம். தொழிலுக்காக வைத்திருப்பது, மதக் காரணத்துக்காக வைத்திருப்பது, தேசிய உடையின் பகுதியாக அணிவது ஆகிய மூன்றையும் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சீக்கியரின் கிர்பான் என்ற குறுவாளும், ஸ்காட்லாந்து ஆடவர் காலுறையில் செருகிக்கொள்ளும் சிறு கத்தியும் அவ்வாறு ஏற்கப்பட்டவை. நம் வாழ்க்கையோடு ஒட்டிய எடுத்துக்காட்டு வேண்டுமானால், கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போகிறவர்களைச் சொல்லலாம். எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் தன் கைக்குப் பழகிய கத்தியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். சனிக்கிழமை காலையில் அதை அட்டை உறையில் போட்டு, துவாலையில் சுற்றி, பையின் அடியில் வைத்து, மேலே கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டு பேருந்து ஏறுவார். போகிற இடமும் நேரமும் காரணமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆனால், மதியம் கோயிலிலிருந்து நேரே ஒரு திரைப்படத்துக்குப் போனால், பையில் இருக்கும் அதே கத்திக்குக் காலையில் இருந்த காரணம் மாலையிலும் இருக்கிறது என்று வாதிடுவது கடினம். அவரிடம் இதைச் சொன்னபோது, 'தம்பி, படத்துக்குப் போகிற அளவுக்கு எனக்கு எங்கே நேரம் இருக்கிறது' என்று முடித்துவிட்டார்.

பொட்டலங்கள் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்யும் என் அண்ணன் மகனிடம்தான் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவனுடைய மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு கட்டர் கிடக்கும். கிடங்கில் அது கருவி. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஊர் சுற்றும்போது, மறந்து பையிலேயே விட்டிருந்தாலும், அது அலகுடைய பொருள். மறந்துவிட்டேன் என்பது மட்டுமே தக்க காரணம் ஆகாது என்று, சில நாட்களுக்கு முன் வேலைக்குப் பயன்படுத்திய கத்தியைக் கால்சட்டைப் பையில் மறந்து வைத்திருந்த ஒருவரின் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காரில் விட்டுவிட்டாலும் இதே நிலைதான், ஏனெனில் பொதுச் சாலையில் நிற்கும் காரும் பொது இடத்தில்தான் நிற்கிறது. மழுங்கல் கத்திதானே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது; வெண்ணெய் தடவும் கத்தியும் அலகுடைய பொருள்தான் என்று 2005-இல் ஒரு தீர்ப்பு வந்தது. முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு, கூர்மையை அளந்துகொண்டிருந்தால் வழக்கு எங்கே முடியும் என்று நினைத்தபோது அந்தத் தீர்ப்பின் நியாயம் விளங்கியது.

தென் தமிழ்நாட்டில் நான் வளர்ந்த ஊரில் பனையேறிகள் இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, அதற்குள் பாளை அரிவாளோடு விடியற்காலையில் தெருவைக் கடந்து போவார்கள். முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் போன்ற கூர் அதற்கு இருக்கும். அதைக் கண்டு யாரும் அஞ்சியதில்லை. காரணம் அவர்கள் உடம்பிலேயே, மார்பில் காய்த்த தழும்பாகவும் தோளில் தொங்கிய கலயமாகவும் தெரிந்தது. லண்டன் போன்ற நகரத்தில் எதிரே வருகிறவரின் காரணம் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இங்கே அங்குலக் கணக்கு வேண்டியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவுக்குப் போகும்போது கணக்கே வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுப் பயன்பாட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டும் என்று செய்யப்பட்ட பொருட்களை ஆயுதம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. அதன் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுகளைப் பட்டியலிடும்போதும் இந்த விலக்கைக் காப்பாற்றுகின்றன. கிளைம்பர் அந்த அளவுகளின் அருகில்கூட வருவதில்லை. ஆனால், விமானத்தில் அதைக் கைப்பையில் வைக்காதீர்கள்; சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வையுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய்க் கைப்பையிலேயே விட்டு, பாதுகாப்புச் சோதனையில் ஒரு பழைய கத்தியைக் குப்பைத்தொட்டிக்குத் தாரை வார்த்திருக்கிறேன். இங்கிலாந்துக்குள்ளேயும், சட்டம் அனுமதிப்பதாலேயே எல்லா வாசலும் திறந்துவிடாது. நீதிமன்றம், நாடாளுமன்றம், விளையாட்டரங்கம் போன்ற இடங்களுக்குத் தத்தம் விதிகள் உண்டு. அங்கே போகிற நாளில் என் கத்தி வீட்டில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பையில் இதற்கு இடமே இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கத்தி விற்கக் கூடாது என்ற தடையிலிருந்து 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குப் பேனாக்கத்திக்கு விலக்கு இருந்தாலும் என் கருத்து அதுதான்.

பயன்பாட்டில் கண்ட நிறைகுறைகளுக்குத் திரும்புகிறேன். எஃகு துருப்பிடிக்காதது, ராக்வெல் அளவில் 56 என்ற கடினம்தான் என்பதால், விலை உயர்ந்த கத்திகளைவிட விரைவில் மழுங்கும். அட்டைப்பெட்டிகளை வெட்டிய வாரத்தில் அது நன்றாகத் தெரியும். ஆனால், மென்மையான எஃகுக்குச் சாணை பிடிப்பது எளிது. கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் மெருகிடாத அடிவளையத்தில் பத்துப் பதினைந்து முறை சாய்த்து இழுத்தால் கூர் திரும்பிவிடும். ஜூலை மாதத்தில் வெம்பிளிக் கடைகளில் பெட்டி பெட்டியாக மாம்பழம் வந்து இறங்கும் நாட்களில், சாறு மூட்டுகளுக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டு அலகுகள் திறக்க மறுக்கும். வெதுவெதுப்பான நீரில் விரித்தும் மடக்கியும் அலசி, நன்றாக உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். எந்த எண்ணெய் என்பதில் ஒரு எச்சரிக்கை: பாட்டி வைத்தியம் போல நான் தேங்காய் எண்ணெய் விட்டேன், நவம்பர் குளிரில் அது மூட்டுக்குள் வெள்ளையாக உறைந்து, கத்தரிக்கோல் எருமைபோல அசைந்தது. உணவுக்குத் தீங்கில்லாத கருவி எண்ணெயே மேல்.

அலகைத் திறக்க நகக்குழியில் நகத்தை மாட்டி இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். நகம் ஒட்ட வெட்டியவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். பல்குத்தியும் சாமணமும் தொலைவதற்கென்றே பிறந்தவை, மாற்று கிடைக்கிறது. இந்த அளவு பெரிதாகத் தோன்றினால், 58 மில்லிமீட்டர் நீளமுள்ள கிளாசிக் சாவிக்கொத்திலேயே தொங்கும். அதன் அலகு கடிதம் பிரிக்கப் போதும், மாம்பழத்துக்குப் போதாது.

கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய பட்டறைதான் விக்டோரினாக்ஸ்; அது 1891-இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுத்து, 1897-இல் இன்றைய சிவப்புக் கத்தியின் மூலவடிவத்தைப் பதிவு செய்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்றைய தலைவர், கத்தி பற்றிய கட்டுப்பாடுகள் பல நாடுகளில் இறுகி வருவதால் அலகே இல்லாத பைக்கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருப்பதாக 2024-இல் சொன்னார். கத்தரிக்கோலும் திருப்புளியும் சாமணமும் அதில் இருக்குமானால், விளையாட்டரங்கத்துக்குப் போகும் நாளுக்காக நானும் ஒன்று வாங்குவேன். மற்ற நாட்களுக்குக் கிளைம்பரே போதும். அடுத்த ஜூலைக்கு முன்னால் அதன் மூட்டுகளை ஒருமுறை கழுவிவிட வேண்டும்.